முப்பத்தைந்துக்கு முடித்த பேரம்

ஜூன் 9, திங்கள்

பதினாலு வருடம் வாடகை கொடுத்த வீட்டுக்கு இன்று முன்பணம் கொடுத்தோம். விலை முப்பது லட்சம், முன்பணம் ஐந்து. மீதி இருபத்தைந்தை வங்கி, வீட்டுக்காரர் மயில்சாமி மாமாவுக்குக் கொடுக்கும். அதை அப்பா வங்கிக்குக் கொடுப்பார், ஒர்க்‌ஷாப் அப்பாவுக்குக் கொடுக்கும். இப்படிக் கொடுத்துக் கொடுத்து எனக்கு முப்பத்தேழு வயதாகும்போது கணபதி ஏரியாவில் ஒண்ணே முக்கால் சென்ட் எங்களுடையது.

பத்திர எழுத்தர் ஒப்பந்தத்தை வாசித்தார். செப்டம்பர் 8க்குள் கிரயம் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் முன்பணம் திரும்பாது. "கெடு தேதி, கெடு தேதி" என்று மூன்று முறை சொன்னார். "கெடுதியான தேதி போல" என்று நான் முணுமுணுத்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். இதை எழுதும்போதும் எரிகிறது.

ஐந்து லட்சத்தில் நாலு, அம்மாவின் ஆறு பவுன். மீதி ஒன்று, மாவு. அம்மா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். இந்தத் தெருவில் எழுபது வீட்டு இட்லிக்கு எங்கள் வீடுதான் பிறந்த வீடு. வேறு ஏரியாவுக்குப் போனால் அம்மாவின் மாவு வெறும் மாவு.

மயில்சாமி மாமா மகள் கல்யாணத்துக்காக விற்கிறார். வெளியே முப்பத்திநாலு வரைக்கும் கேட்டார்களாம். "தண்டபாணி பதினாலு வருசத்துல ஒரு மாசம் வாடக தவறல. அவனுக்குத்தான் மொதல்ல" என்றாராம். அதைச் சொல்லும்போது அப்பாவின் மார்பு இரண்டு இன்ச் பெரிதாகியிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காம்பவுண்ட் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: "சொந்தக்காரர்கள் உள்ளே வரக் கூடாது. சொந்தக்காரர்களே நாங்கள்தான்." சாயங்காலம் வந்த சித்தி அதைப் படித்துவிட்டு ஒரு காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். சுவரை நானே கழுவினேன். என் சுவர், என் தண்ணீர், என் முதுகு வலி.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கடன் வாங்கித் தரும் சதானந்தம் அண்ணா வந்தார். சதா சிரிக்கிறார், அதனால் சதானந்தம். சம்பளச் சீட்டு, ஆதார், பான் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிக்கொண்டார்.

"வேற லோனு, கார்டு ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் முடிச்சாச்சு" என்றார் அப்பா.

அம்மா மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல மின்விசிறி. மூன்று இறக்கை.

ஜூலை 4, வெள்ளி

கடன் கிடையாது என்று வங்கி சொல்லிவிட்டது.

சதானந்தம் அண்ணா சிரிக்காமல் வந்தபோதே தெரிந்தது. ஒரு காகிதத்தை விரித்தார். சிபில் அறிக்கையாம். கடன் வாங்கிய எல்லோருக்கும் அப்படி ஒரு மார்க் ஷீட் உண்டாம். அப்பாவின் மார்க் தொள்ளாயிரத்துக்கு 588. ப்ளஸ் டூவில் இந்த சதவீதத்துக்குப் பாஸ் போட்டுவிடுவார்கள். வங்கியில் போடமாட்டார்களாம்.

"சாருக்கு ஒரு கிரெடிட் கார்டு இருந்திருக்குங்க. தொண்ணூத்திநாலாயிரம் பாக்கி. மூணு வருசம் முந்தி முப்பத்தஞ்சாயிரத்துக்குப் பேசி முடிச்சிருக்கீங்க."

"அதான் முடிஞ்சிருச்சில்லீங்க? லெட்டர்கூட குடுத்தாங்களே" என்றார் அப்பா.

"முழுசாக் கட்டி முடிச்சா அது வேறங்க. இது, 'இந்த ஆளு முழுசாக் கட்டல, மிச்சத்த நாங்க நட்டத்துல எழுதிட்டோம்'னு அவங்க பதிஞ்சு வெச்சிருக்காங்க. ஏழு வருசம் அப்படியே நிக்கும். வீட்டுக்கடன் குடுக்கறவன் மொதல்ல அதத்தான் பாப்பான்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கையெல்லாம் உளுந்து நுரை.

"என்ன கார்டு?"

சதானந்தம் அண்ணா காகிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார்.

"கொரோனா சமயத்துல, உமா... ஒர்க்‌ஷாப் நாலு மாசம் பூட்டியிருந்துதல்ல..."

"நீங்க சேத்து வெச்சதுல குடும்பம் ஓடுதுன்னு சொன்னீங்களே?"

"அது... கார்டுலதான்."

"பேங்க்காரங்கிட்ட பாதி வெலைக்குப் பேரம் பேசுனீங்களா? கத்திரிக்கா மாதிரி?"

"ஆமா. நான்தான் பேசுனேன்" என்றார் அப்பா.

நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒன்றில் டீ இன்னும் பாதி இருந்தது.

யார் பேசினார்கள் என்பது இந்த டைரிக்குத் தேவையில்லாத விஷயம்.

ஜூலை 6, ஞாயிறு

சரி. தேவைதான்.

எங்கள் வீட்டில் எதை வாங்கப் போனாலும் விலை பேச என்னைக் கூட்டிப்போவது வழக்கம். ஒன்பது வயதில் ஒப்பணக்காரத் தெருவில் எண்ணூறு ரூபாய்ப் பாவாடையை முந்நூற்றைம்பதுக்கு முடித்தேன். கடைக்காரர், "இந்தப் புள்ளைய இனிமேப்பட்டுக் கூட்டிட்டு வராதீங்க" என்றார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். பிரிட்ஜ், சைக்கிள், பழைய கிரைண்டர் எல்லாம் நான் பேசி வாங்கியவை. அப்பா பேசினால் கடைக்காரர் கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டு வருவார்.

எனக்குக் குரல்களும் வரும். தமிழ் மிஸ், ஹெட்மாஸ்டர், பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தும்மல். அம்மாவின் குரல் ரொம்பச் சுலபம்.

கார்டு பாக்கி கேட்டு அப்பாவுக்கு போன்கள் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. மணி அடித்தால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ஒரு நாளில் நாலு முறை குளித்தார். ஒரு சனிக்கிழமை, அம்மா மாவு கொடுக்கப் போயிருந்தாள், நான் எடுத்தேன். விளையாட்டுக்குத்தான். அம்மா குரலில்.

"சார், நான் அவர் சம்சாரம் பேசறனுங்க. தொண்ணூத்திநாலா? எங்கூட்டுக்காரருக்கு வேலையே இல்லீங்களே. நீங்க மெரட்டுனா அவரு எங்கயாவது போய் விழுந்துருவாருங்க. அப்பறம் உங்களுக்கு அஞ்சு பைசா வராது. இருவது தர்றேன், முடிச்சுக்குங்க."

வங்கிக்காகப் பேசிய சென்னைக்காரன் அறுபது என்றான். நான் அழுதேன். ஐம்பது என்றான். போனை வைத்துவிட்டேன். அவனே கூப்பிட்டான். கடையை விட்டு இறங்கிப் போனால் பின்னாடியே கூப்பிடுவார்களே, அதே மாதிரி. முப்பத்தைந்தில் முடிந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா ஈரத் துண்டோடு நிற்கிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. சீட்டு எடுத்து அந்தப் பணத்தைக் கட்டினார். அன்றைக்கு எனக்கு இரண்டு பிளேட் காளான் வாங்கிக் கொடுத்தார். "அம்மாளுக்குத் தெரிய வேண்டாம் தாரு. பயந்துக்குவா."

பாவாடைக் கடைக்காரர் மிச்ச நானூற்றைம்பதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஊருக்கெல்லாம் காட்டவில்லை. வங்கியும் ஒரு கடை என்று நினைத்துவிட்டோம். அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு கார்டு கொடுத்த வங்கிக்குப் போனேன். மிச்சம் ஐம்பத்தொன்பதாயிரத்தைக் கட்டிவிட்டால் கணக்கு சுத்தமாகும் என்று சதானந்தம் அண்ணா சொல்லியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அக்கா கம்ப்யூட்டரில் தேடினார்.

"இந்தக் கணக்கு இப்ப எங்ககிட்ட இல்லீங்களே சார். வசூல் கம்பெனிக்கு மாத்திட்டாங்க."

"எங்கிட்ட கேக்காமயா?"

"உங்ககிட்ட எதுக்குங்க கேக்கணும்?"

அந்த அக்கா கெட்டவர் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்ட மாதிரிதான் கேட்டார்.

மூன்று வருடம் முன்னால் அவர்கள் போன் போனாகப் போட்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை. இப்போது நாங்கள் போடுகிறோம். காத்திருக்கச் சொல்லிப் புல்லாங்குழல் வாசிக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா அப்பாவிடம் பேசிப் பதினோரு நாள். "உங்கப்பனச் சாப்பிடச் சொல்லு." "உங்கப்பனுக்குத் துண்டு கொடியில கெடக்குதுன்னு சொல்லு." மூன்று அடி தூரத்துக்கு நான் தபால்காரி. தபாலில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுத்தேன். "அம்மா உங்களைத் தங்கமேன்னு கூப்பிட்டாள்" என்றேன். தங்கம் என்ற சொல் இந்த வீட்டில் இப்போது ஜோக் இல்லை. அப்பா தட்டைப் பார்த்தபடி, "வேண்டாம் தாரு" என்றார்.

ஜூலை 31, வியாழன்

ஐம்பத்தொன்பதாயிரம் கட்டியாகிவிட்டது. அப்பா பைக்கை விற்றார். காந்திபுரம் கடையில் விலை பேச என்னைக் கூப்பிடவில்லை. அவரே போனார். அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் அட்வான்ஸ் வாங்கி மிச்சத்தைச் சேர்த்தார்.

வசூல் கம்பெனிக்காரர் மரியாதையாகப் பேசினார். "அறிக்கையில மாறுறதுக்கு நாப்பத்தஞ்சு நாள் ஆகும் சார்."

விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பர் 14. கெடு 8. ஆறு நாள். மறுபடி எண்ணினேன். ஆகஸ்டுக்கு முப்பத்தொரு நாள் வைத்தவன் மேல் கோபம் வந்தது. வைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேறு மூன்று வங்கியிலும் அதே பதில். சதானந்தம் அண்ணா வருவதில்லை, போனில் மட்டும் பேசுகிறார். பதிவு மாறினாலும் மார்க் மெதுவாகத்தான் ஏறுமாம். "அடுத்த வருசம் பாக்கலாமுங்க சார்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அறம், பொருள், இன்பம், வீடு என்று தமிழ் மிஸ் நடத்தினார். "பொருள் இல்லாததால் எங்களுக்கு வீடும் இல்லை மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். நான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தனியார் பைனான்ஸ் ஆள் ஒருவர் வந்தார். சிபில் கிபில் ஒன்றும் பார்க்கமாட்டாராம். பத்திரத்தை அவரிடம் வைத்தால் போதும். மாதம் இரண்டு வட்டி. இருபத்தைந்து லட்சத்துக்கு வட்டி மட்டும் ஐம்பதாயிரம். அப்பாவின் சம்பளத்தைவிட ஐந்தாயிரம் அதிகம். அவருக்குக் கொடுத்த காபி டம்ளரை அம்மா இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் தெளிக்க, அம்மா தள்ளிவிட. சத்தத்தில் சொன்னால் பாதிதான் கேட்கும், அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

"அம்மா, அந்தக் கார்டு விசயம்..."

அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டாள்.

"பணம் போனது போவட்டும் கண்ணு. கஷ்டத்துல கடன் வாங்குனாரு, சரி. எங்கிட்ட மறச்சு, எவங்கிட்டயோ கெஞ்சிக் கூத்தாடி, திருட்டுத்தனமா முடிச்சு, இத்தன வருசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எம்மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாரு பாரு. அதத்தான் தாங்க முடியல. நான் பவுனக் கழட்டிக் குடுக்கறப்பக்கூட வாயத் தொறக்கல. அப்படி ஒருத்தரோட எப்படி இருக்கறது சொல்லு?"

கிரைண்டர் விளிம்பில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்தேன்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"உளுந்து பத்தலன்னு சொல்ல வந்தேன்."

"பத்தும்" என்று சுவிட்சைப் போட்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஏழு வீட்டில் மாவு கொடுத்தேன். எல்லா வீட்டிலும், "வீடு முடிஞ்சுதா?" என்றார்கள். "முடிஞ்சுது" என்றேன்.

செப்டம்பர் 6, சனி

அப்பா பஸ்ஸில் மயில்சாமி மாமா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தவணை கேட்டார். மண்டபத்துக்கும் நகைக்கும் பணம் கட்ட வேண்டுமாம். முப்பத்திநாலுக்குக் கேட்டவர் முழுப் பணத்தோடு நிற்கிறாராம். "பத்து நாள்ல பேங்க் குடுக்கும்னு எழுதித் தருவியா தண்டபாணி?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவால் தரமுடியாது. அதையும் அப்பாவே வந்து சொன்னார், சுவரிடம்.

செப்டம்பர் 8, திங்கள்

மயில்சாமி மாமா பதினோரு மணிக்கு வந்தார். நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மா போக வேண்டாம் என்றுவிட்டாள். நாற்காலி போட்டோம். அவர் வீட்டில் அவருக்கு நாங்கள்.

"எழுதுனபடி பாத்தா அஞ்சும் எனக்குத்தான். ஆனா எனக்கும் புள்ள இருக்குது. ஒரு லட்சம் திருப்பித் தர்றேன். தீபாவளிக்குள்ள வீட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

அப்பா தலையாட்டினார். ஒரு லட்சம் என்றதும் நன்றி சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். அப்போது அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"கண்ணு, நீ பேசு."

"அம்மா..."

"நீ பேசுனாத்தான் ஆகும். கேளு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

கடை என்றால் இறங்கி நடக்கலாம். இது வீடு. எங்கே இறங்குவது? ஆனால் பேச்சு வந்தது. அதுதான் அசிங்கம், பேச்சு எப்போதும் வந்துவிடுகிறது.

"மாமா, வெளியாளு உங்களுக்கு முப்பத்திநாலு தர்றாரு. எங்களால உங்களுக்கு நாலு லட்சம் லாபம். அதுக்கு மேல எங்க பணம் நாலா?"

"எழுத்துல இருக்குது அம்மிணி."

"எழுத்துல இல்லாததும் இருக்குதுங்க மாமா. மேல் தளம் ஒழுகுனப்ப அப்பாதான் பூசுனாரு, உங்ககிட்ட காசு கேக்கல. போர் மோட்டார் மூணு தடவ அப்பாதான் கழட்டி மாட்டுனாரு. அப்பாவ நம்பித்தான மொதல்ல எங்களக் கேட்டீங்க? அம்மா கழுத்தப் பாருங்க. உங்க பொண்ணுக்கு நகை எடுக்கப் போறீங்க. இந்தப் பணத்துல எடுத்துப் போட்டா அதுக்கே நல்லா இருக்குமாங்க?"

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. வெற்றிலைப் பையை இறுக்கிப் பிடித்தார்.

"ரெண்டு" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பதுதான் என்னுடைய பெரிய வித்தை. எதிராளி தாங்கமாட்டார்.

"ரெண்டர. அதுக்கு மேல ஒத்த ரூவா இல்ல. சாபமெல்லாம் குடுக்காத அம்மிணி."

"சரிங்க மாமா."

அவர் போனதும் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஐந்தில் பாதி, ஆறு பவுனில் மூன்று. வீடு இல்லை, மாவுக்குத் தெரு இல்லை. அவள் சிரித்தாள்.

"எம்புள்ள. இந்த வீட்டுல நெசமாப் பேசத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்." அப்புறம் அறுபத்தாறு நாளில் முதல் முறையாக அப்பாவைப் பார்த்து நேராகப் பேசினாள். "பாத்தீங்களா? மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனா. உங்கள மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு இல்ல."

"ஆமா" என்றார் அப்பா. "கெட்டிக்காரி."

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இதெதுக்குங்கப்பா இனி?"

"ஒழுகுதில்ல."

"அப்பா, நான் அம்மாகிட்டச் சொல்லிர்றேன்."

அவர் ஸ்பேனரை இரண்டு திருப்புத் திருப்பினார். சொட்டுவது நின்றது. விரலை வைத்துப் பார்த்தார்.

"சொல்லி? எம்மேல நம்பிக்கை போயிருச்சு. உம்மேலயும் போச்சுன்னா அவ யாரத்தான் நம்புவா?"

அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். தட்டில் எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன்.